மூட்டமணி

கேள்வி கேட்டவர் மூத்தவர். பதில் சொல்ல வேண்டியவர் இளையவர். வெள்ளியாந்துறைக்காரர்களுக்கு இது ஒன்றே போதும், வலை காய்கிற நேரமெல்லாம் சிரித்துப் பேசுவதற்கு.

உபதேசியார் ஞானாதிக்கத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சின்னக்கோயிலில் ஜெபம் நடத்தியும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் தலை நரைத்தவர். குருப்பட்டம் வாங்கவேண்டும் என்கிற ஆசை அவருக்குப் பிந்தித்தான் வந்தது. அவருக்குப் படிப்பிக்க மேலிடம் அனுப்பிவைத்தது தேவவரம் ஐயரை. ஐயருக்குத் தாடியில் ஒரு நரைகூடக் கிடையாது. சின்னக்கோயில்காரர்கள் தங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஞானாதிக்கம் அவர் முன்னால் பாயில் உட்கார்ந்து பாடம் கேட்டார். வயதைப் பார்த்து உட்காராமல் இருக்கவில்லை. ஆனால் வயதை மறந்துவிடவும் இல்லை.

ஊரில் கோயில் இரண்டு. வடக்கே மாதாவின் பெரிய கோயில். தெற்கே சின்னக்கோயில், அதில் சுரூபம் கிடையாது, மெழுகுதிரி கிடையாது, வேதப்புத்தகமும் பாட்டும்தான். இரண்டுக்கும் ஒரே கடல், ஒரே மீன். தாத்தாக்கள் காலத்தில் எதற்கோ பிரிந்தார்கள். எதற்கென்று கேட்டால் வடக்கே ஒரு கதை சொல்வார்கள், தெற்கே ஒரு கதை சொல்வார்கள். இரண்டிலும் மற்றவன்தான் முதலில் கை ஓங்கியிருப்பான்.

அது மார்கழி. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஐயர் ஏதோ சொல்லிவிட்டார். அது ஞானாதிக்கத்துக்கு இரவெல்லாம் தொண்டையில் முள்ளாக நின்றது. திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார். ஐயர் வாசலில் உட்கார்ந்து அவித்த பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு கேள்வி."

"உக்காருங்க."

"அந்தக் கோயில்காரங்களும் நாமளும் ஒண்ணுன்னு நேத்து சொன்னீங்க."

"சொன்னேன்."

"அவங்க கும்பிடுகது வேற மாதிரி. சொல்லுகது வேற மாதிரி. நம்ம பிள்ளைய அங்க கெட்டிக்குடுக்க மாட்டோம், அவங்க பொணத்த இங்க அடக்க மாட்டோம். எந்த வகையில ஐயா ஒண்ணு?"

ஐயர் உரித்த கிழங்கை இரண்டாக ஒடித்து ஒரு பாதியை அவரிடம் நீட்டினார். வாயைத் திறந்தார். பதில் வரப்போகிறது என்று ஞானாதிக்கம் காதைத் தீட்டிக்கொண்டார். ஆனால் ஐயரின் பார்வை அவர் தலைக்கு மேலாகப் போய் எங்கோ நின்றது.

"உபதேசியாரே, கடல் எங்கே?"

ஞானாதிக்கம் திரும்பிப் பார்த்தார். கடல் இருக்கவேண்டிய இடத்தில் கடல் இல்லை. வெள்ளையாக ஒன்று கரைமணல்மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. கவிழ்த்துப்போட்ட வள்ளங்கள் ஒவ்வொன்றாக அதற்குள் மறைந்தன. பிறகு தென்னைகள் மறைந்தன. கிழங்கு அவர் கையிலிருந்து விழுந்தது.

"மூட்டம்," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவருடைய தம்பி எபன் விடியுமுன்னே கடலுக்குப் போயிருந்தான்.

அந்தப் பயம் என்னவென்று அறியாதவர்களுக்கு ஊரைக் கொஞ்சம் சொல்லவேண்டும். வெள்ளியாந்துறையில் கரைக்குச் சற்று வெளியே, தண்ணீருக்குள் நீளமாக ஒரு பாறை வரிசை கிடக்கிறது. பார் என்பார்கள். அலை ஏறினால் தெரியாது, இறங்கினால் பல்லைக் காட்டும். வள்ளம் உள்ளே வர அதில் ஒரே ஒரு வழிதான். அந்த வழிக்கு நேரே கரையில் நிற்கிறது பெரிய கோயில். வழியைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் கோயிலையே கட்டினார்கள். மூட்டம் விழுந்தால் அங்கே மணியை விடாமல் அடிப்பார்கள். அதற்கு மூட்டமணி என்று பெயர். சத்தத்துக்கு நேரே வள்ளத்தின் முகத்தை வைத்து வந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டுகூடக் கரையேறலாம்.

எல்லோருக்கும் ஒரே மணியாகத்தான் இருந்தது. ஒரு மூட்டத்தில் சின்னக்கோயில் வள்ளங்கள் மட்டும் கடலில் நின்றபோது மணி பிந்தி அடித்தது. மணியடிக்கிறவருக்குக் காய்ச்சல் என்றார்கள் வடக்கே. வேண்டுமென்றே என்றார்கள் தெற்கே. அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தெற்கே ரோஷம் வந்துவிட்டது. தெற்கே எல்லோரும் கூடிக் கப்பலில் ஒரு மணி தருவித்துச் சின்னக்கோயில் முன்னால் கல்மேடை கட்டித் தொங்கவிட்டார்கள். மணி கட்டும்போது எல்லோரும் பெரிய கோயிலைத்தான் நினைத்தார்கள். கடலை ஒருவரும் நினைக்கவில்லை. சின்னக்கோயிலுக்கு நேரே கடலில் இருப்பது வழி அல்ல, பார். தெரியாமல் இல்லை. மணியை இடக்கைப் பக்கம் வைத்து வந்தால் ஆயிற்று என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பெரிய மூட்டம் விழவே இல்லை. பேச்சு பேச்சோடு நின்றது.

பெரிய கோயிலில் ஒற்றை ஒற்றையாக அடிப்பார்கள். நாம் மும்மூன்றாக அடிப்போம், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று ஏற்பாடு செய்தவர் ஞானாதிக்கம்தான். அந்த மூவரும் பெரிய கோயிலுக்கும் உண்டே என்று அப்போது அவரிடம் யாரும் கேட்கவில்லை. வள்ளம் இறக்கும்போது அவர்தான் ஜெபம் செய்வார். ஜெபம் முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

"மும்மூணா கேட்டா நம்ம மணி. ஒத்தையா கேட்டா அது நமக்கில்ல. செத்தாலும் அதை நம்பித் திரும்பிராதீங்க."

தம்பி எபன் அதைக் கேட்டே வளர்ந்தவன்.

ஞானாதிக்கம் கல்மேடைக்கு ஓடினார். கயிற்றைப் பிடித்து அடித்தார். மூன்று. நிறுத்தி, மூன்று. நிறுத்தி, மூன்று. வடக்கே பெரிய கோயில் மணியும் தொடங்கிவிட்டது. ஒன்று. ஒன்று. ஒன்று. கொஞ்ச நேரத்தில் இரண்டு சத்தமும் மூட்டத்துக்குள் கலந்துவிட்டன. எது எங்கிருந்து வருகிறது என்று கரையில் நிற்பவர்களுக்கே குழம்பியது. தெற்கே வேகமாக அடித்தால் வடக்கேயும் வேகமாக அடித்தார்கள். அவர்களுக்கும் பயம், இவர்களுக்கும் பயம்.

சின்னக்கோயில் பெண்கள் மேடையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். எபன் மனைவி கிருபாய் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். அவள் அழவில்லை. ஞானாதிக்கத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா அடிங்க அத்தான்," என்றாள். "அவுகளுக்குக் கேக்கணும்."

"கேக்கும்மா."

"மூணு வள்ளமும் வெளியதான் நிக்கி."

"கேக்கும்."

ஐயர் தண்ணீர் ஓரத்தில் போய் நின்றிருந்தார். மூட்டத்துக்குள் அவர் ஒரு நிழலாகத்தான் தெரிந்தார். தலையைச் சாய்த்துக் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது வடக்கிலிருந்து ஒரு ஆள் மணலில் தடுக்கித் தடுக்கி ஓடிவந்தான். உடம்பெல்லாம் உப்புத்தண்ணீர் சொட்டியது. பெரிய கோயில்காரன், சந்தியாகு என்று பெயர். சின்னக்கோயில் மேடைப் பக்கம் அவன் கால் வைத்ததே கிடையாது.

"ஐயரே," என்றான். மூச்சு வாங்கியது. "ஒங்க ஆளுக பார்கிட்ட நிக்காங்க."

"எங்க?"

"நேரே. ஒங்க மணிக்கு நேரே. நான் வழியில ஏறும்போது பேச்சு கேட்டேன். இங்கிட்டு வாங்கடா, வழி இங்க இருக்குன்னு கூவினேன். வரமாட்டாம்னுட்டாங்க."

"ஏன்?"

சந்தியாகு ஒரு தரம் ஞானாதிக்கத்தைப் பார்த்தான். பிறகு ஐயரைப் பார்த்துச் சொன்னான்.

"எங்க மணி அங்க அடிக்கி, நாங்க அங்கதான் போவோம்னாங்க. ஒத்தை மணிய நம்பக்கூடாதாம். நீரோட்டம் வேற பார் பக்கமா இழுக்கி. பாயை எறக்கிட்டுத் துடுப்புப் போட்டுத் தள்ளாடுதாங்க. எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியல."

ஞானாதிக்கத்துக்குக் கை நின்றுவிட்டது. கிருபாய் "அடிங்க அத்தான்" என்றதும் மறுபடி அடித்தார்.

"பொய் சொல்லுதான் ஐயா," என்றார் அடித்துக்கொண்டே. "நம்ம மணிய நிறுத்தவைக்கப் பாக்கான்."

சந்தியாகு கோபப்படவில்லை. கோபப்பட அவனிடம் மூச்சு இல்லை. "நான் சொல்லவேண்டியத சொல்லிட்டேன்," என்று மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ஐயர் மேடைக்கு வந்தார். ஞானாதிக்கம் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன சொன்னாலும் செய்துவிடலாம் என்று இருந்தது அவருக்கு. அடி என்றால் அடிக்கலாம், நிறுத்து என்றால் நிறுத்திவிட்டுப் பழியை ஐயர் தலையில் போடலாம்.

"நான் பெரிய கோயிலுக்குப் போறேன்," என்றார் ஐயர்.

"எதுக்கு ஐயா?"

"மணி அடிக்க."

"அவங்க மணியவா?"

"ஆமா."

"அப்ப நான்?"

"உங்க காது உங்களுக்குச் சொல்லும்."

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடக்கே நடந்தார். மூட்டம் அவரை மூடியது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா மனுஷன் என்று ஞானாதிக்கம் உள்ளுக்குள் திட்டினார். திட்டியபடியே அடித்தார். மூன்று. மூன்று. மூன்று.

பெண்கள் ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள். பரமண்டலங்களிலே இருக்கிற பிதாவைக் கூப்பிட்டார்கள். வடக்கே கரையிலும் பெண்கள் அதே பிதாவை வேறு வார்த்தைகளில் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். ஞானாதிக்கத்துக்கு அப்போது அதெல்லாம் காதில் ஏறவில்லை. கடலிலிருந்து ஒரு சத்தம் வருமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தரம் யாரோ கூவியது போலிருந்தது. நேரே. சந்தியாகு சொன்ன அதே இடத்திலிருந்து. அண்ணே என்று கூப்பிட்டது போலவும் இருந்தது, வெறும் அலை போலவும் இருந்தது.

எபனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தினால் எபன் என்ன செய்வான்? ஒற்றை மணியை நம்பமாட்டான். செத்தாலும் நம்பாதே என்று சொல்லிவைத்தது அவர்தானே. மணியே இல்லாத கடலில் நிற்பான். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்ப் பாரில் சாத்திவிடும். அடித்தாலோ அவரே கூப்பிட்டுப் பாரில் ஏற்றுவார். இரண்டு பக்கமும் அதே பாறைதான் நின்றது.

அந்த நேரம் வடக்கே ஒற்றை மணி நின்றது.

மூட்டம் விழுந்தால் பெரிய கோயில் மணி நிற்காது. ஊர் அறிந்து நின்றதில்லை. பெண்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டு வடக்கே பார்த்தார்கள். சந்தியாகு மணலிலிருந்து எழுந்துவிட்டான். "என்னது, நின்னு போச்சு?" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

பிறகு கேட்டது. பெரிய கோயில் மணிதான். அந்தக் கனத்த சத்தம் ஊரில் வேறு எந்த மணிக்கும் கிடையாது. ஆனால் மூன்று. நிறுத்தி, மூன்று. நிறுத்தி, மூன்று.

அது ஞானாதிக்கத்தின் அடி. அவர் ஏற்படுத்திய அடி, அந்தக் கோபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. எபனுக்கு அது தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் அவன் அதற்குத் திரும்புவான். ஆனால் இப்போது மும்மூன்று இரண்டு இடத்திலிருந்து கேட்கிறது. ஒன்று வழிக்கு நேரே, ஒன்று பாருக்கு நேரே.

அவர் கயிற்றை விட்டார்.

"அத்தான்," என்றாள் கிருபாய்.

அவர் வடக்கே காதைத் திருப்பியிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீக?"

"அங்க அடிக்காங்கம்மா."

"அது அவுக மணி."

"அடி நம்மது. அவன் அதைக் கேட்டு வரட்டும்."

"வரலன்னா?"

கிருபாய் பிள்ளையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பாய்ந்து பிடித்தாள். ஞானாதிக்கம் யோசிக்கவில்லை. மேடைமேல் ஏறி மணிக்குள் கையை விட்டு அதன் நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். நாக்கு அவர் விரல்களை மணியோடு வைத்து நசுக்கியது. மணி ஒலிக்கவில்லை. பொத்தென்று மட்டும் கேட்டது. மறுபடி இழுத்தாள். மறுபடி பொத்தென்றது. விரலில் எலும்பு முறிந்ததோ என்னவோ, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் கையை எடுக்கவில்லை.

"அவுக செத்துட்டா ஒங்களத்தான் கேப்பேன்," என்றாள் கிருபாய். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"என்னையக் கேளு."

"ஒங்க ஜெபம் எனக்கு வேண்டாம். ஒங்க முகத்துல முழிக்கமாட்டேன்."

"சரிம்மா."

அவள் இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து கயிற்றைப் பிடித்தபடியே தரையில் சரிந்தாள். மற்ற பெண்கள் அவரையே பார்த்தார்கள். நாளைக்கு இந்த ஊரில் தலைகாட்ட முடியுமா என்கிற பயம்கூட அவருக்கு வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டார். எபனை நினைக்க முயன்றார். சின்ன வயதில் அவனை நீச்சல் பழக்கியது அவர்தான். அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது.

வடக்கே மூன்று. மூன்று. மூன்று. இடையே அலைச்சத்தம். அதற்கு இடையே ஒன்றுமில்லை. நேரே கடலில் கேட்ட கூவலும் நின்றுவிட்டது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. மணிக்குள் கையை வைத்துக்கொண்டு அவர் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று பின்னால் கேட்டவர்களுக்கு அவரால் சொல்ல முடியவில்லை.

முதலில் கேட்டது சந்தியாகுவுக்குத்தான். கையை உயர்த்தினான். "பேசாதீங்க," என்றான்.

வடக்கே, தண்ணீர்மேல், துடுப்புச் சத்தம். பிறகு ஒரு இருமல். கிருபாய் எழுந்து ஓடினாள். பெண்கள் எல்லோரும் ஓடினார்கள். ஞானாதிக்கம் மேடையிலிருந்து இறங்கப் பார்த்தார், நசுங்கிய கையை ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். சந்தியாகு வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான்.

"வாரும்," என்றான். "ஒம்ம ஆளுகதான்."

பெரிய கோயிலுக்கு முன்னால் மணலில் வள்ளம் ஏறியது. பின்னாலேயே இன்னொன்று வந்தது. மூன்றாவதில் எபன் இருந்தான். வள்ளத்தின் ஒரு பக்கப் பலகை பாரில் உரசிப் பிளந்திருந்தது. இறங்கியவன் நிற்கமுடியாமல் கிருபாய் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மணி திடீர்னு இடம் மாறிட்டு அண்ணே," என்றான். பல் கிடுகிடுத்தது. "சத்தமும் வேற மாதிரி இருந்துச்சு. மூட்டத்துக்குள்ள அப்படித்தான் கேக்கும்னு நெனச்சோம். மும்மூணாத்தானே அடிக்கின்னு திருப்பிட்டோம். இன்னும் ரெண்டு கை தூரம் போயிருந்தா..."

ஞானாதிக்கம் அவன் ஈரத் தலையை நல்ல கையால் தொட்டுப் பார்த்தார். கிருபாய் அவருடைய மற்றக் கையைப் பார்த்தாள். விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன. முந்தானையைக் கிழித்து அதில் சுற்றிவிட்டாள்.

மூன்று வள்ளத்து ஆட்களையும் அவர் ஒருவர் ஒருவராக முகம் பார்த்தார். எல்லோரும் இருந்தார்கள். ஐயரிடம் சொல்லவேண்டும் என்று பெரிய கோயில் பக்கம் திரும்பினார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

மணிக்கூண்டின் வாசலில் அவர் நின்றுவிட்டார். உள்ளே மாதா சுரூபம், எரிகிற மெழுகுதிரிகள், சாம்பிராணி வாசனை. ஐம்பது தாண்டியும் அந்த வாசல்படியை அவர் தாண்டியதில்லை. தாண்டினால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் கேட்டுவைத்த பயமெல்லாம் இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்தது. படிக்கு வெளியே நின்றபடியே பார்த்தார். ஐயர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை கிழிந்து கயிறெல்லாம் ரத்தம். பக்கத்தில் தரையில் ஒரு கிழவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மணியடிக்கிற இன்னாசி.

"ஐயா," என்றார் ஞானாதிக்கம். "நம்ம ஆளுக எல்லாரும் வந்துட்டாங்க."

ஐயர் திரும்பவில்லை. பழகிப்போன கை மூன்றையே அடித்தது.

"எபனும் வந்துட்டான். போதும் ஐயா. கை கிழிஞ்சிருக்கு."

"இன்னும் ஒரு வள்ளம் வரணும்."

"மூணும் வந்தாச்சு. நான் எல்லாரையும் பாத்துட்டுத்தான் வாரேன்."

"நாலு பேர் இன்னும் வெளிய நிக்கிறாங்க உபதேசியாரே."

ஞானாதிக்கத்துக்குப் புரிந்தது. "அது இவங்க வள்ளம்," என்றார் மெதுவாக. இன்னாசி காதில் விழக்கூடாது என்று நினைத்தார்.

"இன்னாசியோட மகன் வள்ளம்," என்றார் ஐயர்.

ஞானாதிக்கம் கிழவரைப் பார்த்தார். கிழவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கண் கடலை விட்டு அகலவில்லை.

"மகன் வெளிய நிக்கும்போதா ஒங்ககிட்ட கயித்தக் குடுத்தாரு?"

"ஆமா."

"மும்மூணா அடிக்கவும் விட்டாரா?"

"ஆமா."

"ஒண்ணும் சொல்லலையா?"

"'ஒங்க ஆளுக பார்கிட்ட நிக்காங்க, எம் மவன் தூரத்துல நிக்கான், தூரத்துல நிக்கவன் கொஞ்சம் பொறுப்பான்'னு சொன்னாரு."

ஐயர் கயிற்றை விட்டார். கை தானாகவே விட்டுவிட்டது. அப்படியே சுவரோரம் குந்தினார். மணி நின்றது. அந்த அமைதியில், மூட்டத்துக்குள் வெகுதூரத்தில், யாரோ கூவுவது கேட்டது. ஒரு தரம் வடக்கே கேட்டது. அடுத்த தரம் தெற்கே தள்ளிக் கேட்டது, பார் பக்கமாக. இன்னாசியின் கையில் ஜெபமாலை நின்றுவிட்டது.

ஞானாதிக்கம் படியைத் தாண்டினார். தாண்டியது அவருக்கே தெரியவில்லை. கட்டுப்போட்ட கையை மேலே வைத்து, நல்ல கையைக் கீழே வைத்துக் கயிற்றைப் பிடித்தார். கயிறு ஈரமாக இருந்தது. இழுக்கப் போனவர் சட்டென்று நின்றார்.

"ஐயா."

"சொல்லுங்க."

"எப்படி அடிக்க? ஒத்தையாவா, மும்மூணாவா?"

ஐயர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் தலையைச் சாய்த்தார்.

"இப்ப வெளிய நிக்கிறவனுக்கு எது தெரியுமோ, அதை அடிங்க."